பந்தயத் தடத்துக்கு ஒரு மலிவுப் பழைய கார்: மூன்று வண்டிகள், ஒரு தேர்வு

நண்பர் ஒருவர், சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகுவதற்கென நடத்தப்படும் ட்ராக் டே நாள்களில் கலந்துகொள்வதற்காக, பழைய கார் ஒன்றை வாங்கினார். அவர் எதை ஆசைப்பட்டார், எவற்றைப் பார்த்தார், கடைசியில் எதை வாங்கினார், வாங்கியது தடத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதை, வண்டிகளைப் பார்க்கவும் சோதிக்கவும் உடன் சென்றவன் என்ற முறையில் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

தேர்வைத் தீர்மானித்த நிபந்தனைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். அவரிடம் காரை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லர் கிடையாது. எனவே, தடத்துக்குத் தானே ஓடிச்சென்று, நாள் முழுவதும் சுற்றிவிட்டு, தானே வீடு திரும்பும் வண்டியாக அது இருக்க வேண்டும். பிரேக் பேட் மாற்றுவது, ஆயில் மாற்றுவது போன்ற வேலைகளை அவரே செய்வார். என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கும் அளவுக்கு அவரிடம் கருவியும் இல்லை, இடமும் இல்லை. அவருடைய உயரம் 188 செ.மீ. தடத்தில் அவருக்கு முன்னனுபவம் கிடையாது. ஒதுக்கிய மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டியின் விலை, ஆயத்தச் செலவு, முதல் சில நாள்களுக்கான நுழைவுக் கட்டணம், டயர் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும்.

அவர் மனத்தில் முதலிலிருந்தே இருந்தது பி.எம்.டபிள்யூ. இ36 வரிசையின் 328ஐ. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 2.8 லிட்டர், ஏறத்தாழ 193 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். ஆசைப்படத் தகுந்த கார்தான். ஆனால் விற்பனைக்கு வந்திருந்த 328ஐ-க்கு 72 பங்கு கேட்டார்கள். மீதி 28 பங்கில் அந்தக் காரைத் தடத்துக்குத் தயார்செய்து ஓட்ட முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் முறையான ஆய்வு தொடங்கியது.

தடத்தில் ஒரு காரின் செலவு பெரும்பாலும் அதன் எடையிலிருந்தும், அது எட்டும் வேகத்திலிருந்தும் பிறக்கிறது. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஓட்டுநரோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள கார் ஒரு வளைவுக்கு முன்னால் மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 0.98 மெகாஜூல் ஆற்றலை பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். 1,500 கிலோ காருக்கு அதே வேகக் குறைப்பில் 1.27 மெகாஜூல். ஆனால் கூடுதல் சக்தியுள்ள கனமான கார் அதே நேர்ப்பாதையின் முடிவை 160-ல் எட்டுவதில்லை. 175-ல் எட்டுகிறது என்று கொண்டால் அந்த அளவு 1.56 மெகாஜூல் ஆகிவிடுகிறது. ஒரே வளைவில், ஒரே சுற்றில், அறுபது விழுக்காடு கூடுதல் வெப்பம். இதில் பெரும்பங்கை முன்சக்கர பிரேக்குகளே தாங்குகின்றன. பேட், டிஸ்க், பிரேக் ஆயில், முன் வீல் பேரிங், டயர் என்று செலவுப் பட்டியலில் வரும் ஒவ்வொன்றும் இந்த வெப்பத்தின் வேறு வேறு முகங்கள்தாம். சக்தி குறைந்த, எடை குறைந்த காரைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைச் சிலர் பாதுகாப்பு அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அது முதன்மையாக ஒரு வரவுசெலவுக் கணக்கு.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, வண்டியின் விலை 55 பங்கைத் தாண்டக் கூடாது என்று நண்பரே எல்லை வகுத்துக்கொண்டார். டர்போ கார்கள் விலக்கப்பட்டன. பழைய டர்போ என்ஜினின் வெப்பத்தைத் தொடர்ச்சியான சுற்றுகளில் சமாளிக்கப் பெரும்பாலும் ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர் என்று அடுத்தடுத்துச் செலவு வரும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளவையும் அதே காரணத்தால் விலக்கப்பட்டன. “ட்ராக்குக்கு ரெடி” என்று விளம்பரம் செய்யப்பட்ட, ஏற்கெனவே மாற்றங்கள் செய்யப்பட்ட கார்களில் ரசீது இல்லாதவற்றை நான் விலக்கச் சொன்னேன். யார், எதை, எந்த முறுக்குவிசையில் பூட்டினார்கள் என்று தெரியாத காரில் முழு வேகத்தில் பிரேக் மிதிப்பது அறிவுடைமை ஆகாது.

மிஞ்சியவற்றில் நேரில் பார்க்கத் தகுந்தவை இரண்டு. ஒன்று, 1998 முதல் 2005 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.-5, 1.8 லிட்டர் என்ஜினோடு. மற்றொன்று, 2000களின் பிற்பகுதியைச் சேர்ந்த சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர், ஏறத்தாழ 125 குதிரைத்திறன். விலை எல்லையைத் தாண்டியிருந்தபோதிலும், ஒப்பிடுவதற்காக 328ஐ-யும் பட்டியலில் இருக்கட்டும் என்றார் நண்பர். பார்க்காமல் விட்டால் பிறகு அந்த நினைப்பு அவரை விடாது என்பதால் நானும் சரி என்றேன்.

328ஐ: பதினைந்து நிமிடம்

அந்தக் காரைப் பார்த்து முடிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. என்ஜின் சீராக ஓடியது. ஆனால் கூலிங் பகுதியில் எது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. இந்த வரிசைக் கார்களில் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், தெர்மோஸ்டாட் உறை உள்ளிட்ட பல பாகங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆண்டுகள் ஆக ஆக அவை நொறுங்கும் தன்மை அடைவது அறியப்பட்ட செய்தி. அலுமினிய சிலிண்டர் ஹெட் உள்ள நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின் ஒருமுறை அளவுமீறிச் சூடானாலும் ஹெட் வளைந்துவிடக்கூடும் என்பதால், ஆவணம் இல்லையென்றால் அந்தப் பகுதி முழுவதையும் மாற்றுவதாகவே கணக்கு வைக்க வேண்டும்.

முடிவைத் தந்தது வேறொன்று. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நடை வேகத்தில் வட்டமடித்தபோது, பின் டயர்கள் தரையில் தத்தித் தத்திக் கிறீச்சிட்டன. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதுதான் டிஃபரென்ஷியலின் வேலை. இங்கே அது நடக்கவில்லை. பின்பகுதியைச் சறுக்கவிட்டு ஓட்டும் ட்ரிஃப்ட்டுக்காக யாரோ டிஃபரென்ஷியலை வெல்டிங் செய்து பூட்டியிருந்தார்கள் என்பதை விற்றவர் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டார். அப்படி ஓட்டப்பட்ட காரில் பின் ஆக்ஸில் பொருத்துமிடங்களும் புஷ் எனப்படும் ரப்பர் இணைப்புகளும் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்க வேண்டிய தேவைகூட எழவில்லை. இது அந்த ஒரு வண்டியின் வரலாறே அன்றி, அந்த மாடலின் மீதான குறை அல்ல. ஒழுங்காகப் பராமரித்த 328ஐ தடத்தில் இன்பமான கார். ஆனால் ஒழுங்காகப் பராமரித்தவை 72 பங்குக்குக் கிடைப்பதில்லை.

எம்.எக்ஸ்.-5: எல்லோரும் சொல்லும் விடை

மலிவான ட்ராக் கார் எது என்று கேட்டால் உலகெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர் இதுதான். அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. 1989-ல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான நாளிலிருந்து இந்தக் காரின் அடிப்படை மாறவில்லை: முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம், குறைந்த எடை, முதல் இரண்டு தலைமுறைகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் அமைப்பு. இந்த அமைப்பில் சக்கரக் கோணங்களைப் பெருமளவு சரிசெய்துகொள்ள முடியும். எனவே டயர் சமமாகத் தேயும்படி அமைக்கலாம். எண்ணற்றோர் தடத்தில் ஓட்டியிருப்பதால் எந்தப் பாகம் எப்போது பழுதாகும், அதற்கு என்ன மாற்று என்பது அனைத்தும் தெரிந்த விஷயங்களாகிவிட்டன. உதாரணமாக, குறுக்குவாட்டில் பொருத்துவதற்காக வடிவமைக்கப்பட்ட இந்த என்ஜினை நீளவாட்டில் வைத்தபோது, குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வெளியேறும் வழி முன்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பின் சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைகிறது. கடுமையாக ஓட்டுபவர்கள் கூலன்ட் பாதையைப் பின்பக்கமாகத் திருப்பியமைக்கிறார்கள்.

ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கார் எங்கள் இருவரையும் கவர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிடிப்பு, கியர் மாற்றம், ஸ்டீயரிங் எல்லாம் ஒழுங்கு. பிறகு அதைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்த்தோம். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் முடிவில், புதிதாகப் பூசப்பட்ட கறுப்பு மெழுகு. விற்பவரின் அனுமதியோடு கட்டைவிரலால் அழுத்தியபோது தகடு உள்வாங்கியது. இந்தக் காரின் மடக்கும் துணிக் கூரையில் விழும் மழைநீர் வடியும் குழாய் அடைபட்டால், நீர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். இந்தத் தலைமுறையில் முன்பக்கச் சேஸி சட்டங்களும் இரட்டைத் தகடாக இருப்பதால் அவ்வாறே துருப்பிடிக்கும். அவற்றையும் பார்த்தாக வேண்டும்.

துருவை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து ஒட்டலாம். விலையையும் குறைத்துக் கேட்கலாம். நண்பர் அந்த எண்ணத்தில்தான் இருந்தார். முடிவை உறுதியாக்கியது அவருடைய உயரம். திறந்த கூரையுள்ள கார்களுக்குப் பல ட்ராக் டே ஏற்பாட்டாளர்கள், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் பொருத்தியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒரு நேர்க்கோட்டுச் சோதனையும் உண்டு: ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான கோலை வைத்தால், ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், சில சென்டிமீட்டர் இடைவெளியும் வேண்டும் என்பது பரவலான விதி. நண்பர் ஹெல்மெட் அணிந்து இருக்கையில் அமர்ந்தபோது, கண்ணாடிச் சட்டத்தின் விளிம்போடு ஒப்பிட்ட கண்ணளவிலேயே அவர் தலை தேறாது என்று தெரிந்தது. இருக்கையின் நுரையைக் குறைக்கலாம், தாழ்வான இருக்கை வாங்கலாம், இருக்கை முன்பின் நகரும் சட்டத்தை நீக்கித் தரையோடு பூட்டலாம். அவ்வளவையும் செய்த பிறகும் தேறுமா என்பது காரை வாங்கிய பின்புதான் தெரியும். அதோடு, ரோல் பார் தலைக்கு அருகில் வரும்போது, ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டுகையில் அதுவே ஆபத்தாகவும் மாறக்கூடும். சராசரி உயரமுள்ள ஒருவர் துருவற்ற எம்.எக்ஸ்.-5 ஒன்றைக் கண்டால் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. இங்கே இரண்டுமே இல்லை.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்

மூன்றில் மிக அழகற்றது இதுதான். ஒரு கதவில் பெரிய நெளிவு, பானட்டில் பெயின்ட் வெளுப்பு, ஓடிய தூரமும் மற்ற இரண்டைவிட அதிகம். விலை 48 பங்கு. ஆனால் உரிமையாளர் ஒரு கோப்பை எடுத்து நீட்டினார்; ஆயில் மாற்றிய ஒவ்வொரு முறைக்கும், கிளட்ச் மாற்றியதற்கும், முன் ஷாக் அப்சார்பர் மாற்றியதற்கும் தேதியிட்ட ரசீதுகள் இருந்தன. நாங்கள் வருவதற்கு முன் என்ஜினை ஓட்ட வேண்டாம் என்று கேட்டிருந்தோம். போய்த் தொட்டுப் பார்த்தபோது அது குளிர்ந்தே இருந்தது. குளிர்ந்த என்ஜினைத் தொடங்கும்போது கேட்கும் சங்கிலிச் சத்தமும், வெளிவரும் நீலப் புகையும், சூடான என்ஜினில் மறைந்துவிடக்கூடும். இங்கே அவை இல்லை.

நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவுகளும், அதாவது உள்ளே எழும் அழுத்தமும், ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தன. ஒட்டுமொத்த அளவு சற்றுக் குறைவாக இருந்தாலும் கவலையில்லை; சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு இருந்தால்தான் கவலை. உயர் கியரில், குறைந்த சுழற்சியில், முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபோது கிளட்ச் வழுக்கவில்லை. முன் வீல் பேரிங் ஒன்று முனகியது. காரை இடப்பக்கம் திருப்பியபோது கூடி, வலப்பக்கம் திருப்பியபோது குறைந்ததால், எடை சுமக்கும் வலப்பக்கத்தது என்று தெரிந்தது. அதைக் காட்டி விலையை 46 பங்குக்குக் கொண்டுவர முடிந்தது.

வாங்குவதற்கு முன் விற்பவரின் ஒப்புதலோடு நான்கு சக்கர அலைன்மென்ட் அளவெடுக்கச் சொன்னேன். பழைய கார் வாங்குபவர்கள் இதைச் செய்வதைக் காண்பது அரிது. ஆனால் அதற்கு ஆகும் சிறு செலவு தரும் தகவலை வேறெதுவும் தருவதில்லை. இடமும் வலமும் கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவு) கோணங்கள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால், கார் பெரிய விபத்தில் அடிபட்டு இழுத்து நேராக்கப்பட்டது அல்ல என்று பெருமளவு நம்பலாம். கதவு நெளிவுக்குக் காரணம் வாகன நிறுத்துமிடத் தூண் என்று சொல்லப்பட்டது. அளவுகள் அந்தச் சொல்லுக்கு ஒத்துவந்தன.

ஆயத்தம்

மீதி 54 பங்கில் முதலில் செலவானது பிரேக்குக்கு. சாதாரண டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரியாக இருக்கலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் தரையைத் தொடும். எத்தனை ஆண்டுப் பழையது என்று தெரியாத ஆயிலோடு தடத்துக்குப் போவது இந்தப் பொழுதுபோக்கின் மிக மலிவான, மிக மோசமான சிக்கனம். புதிதாக இருக்கையில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் வகை ஊற்றப்பட்டது. வெப்பம் தாங்கும் பேட்கள் முன்னால் மட்டும் போடப்பட்டன. டிஸ்க்குகள் அவற்றின் மேல் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்ததால் மாற்றப்படவில்லை.

டயர் அடுத்தது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். வந்திருந்த டயர்களில் பள்ளம் நிறைய இருந்தபோதும் அவை வயதானவை, ரப்பர் இறுகிப்போனவை. நல்ல சாலை டயர்களே வாங்கப்பட்டன. பந்தயத்துக்கு நெருங்கிய மென்மையான டயர் புதியவருக்குத் தேவையில்லை. அது பிடியை இழக்கும்போது அறிவிப்பின்றி இழக்கும், சாலை டயர் கிறீச்சிட்டு எச்சரிக்கும்.

வீல் பேரிங், என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட் ஆகியவை மாற்றப்பட்டன. நீண்ட வளைவுகளில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்குவதால், டிப்ஸ்டிக்கில் மேல் குறிவரை இருப்பது உறுதிசெய்யப்பட்டது. இழுப்புக் கொக்கி பொருந்துகிறதா, பேட்டரி அசையாமல் இருக்கிறதா என்பன பார்க்கப்பட்டன. சைலன்சர், ஏர் ஃபில்டர், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஆகிய எவையும் வாங்கப்படவில்லை, நண்பருக்கு வருத்தம்தான். பல தடங்களில் ஒலி அளவுக்கு வரம்பு உண்டு என்பதால், சத்தமான சைலன்சர் பணத்தையும் வாங்கிக்கொண்டு வாசலிலேயே திருப்பியும் அனுப்பக்கூடும். சாலைக்கான காப்பீடு தடத்தில் செல்லாது என்பது அவருடைய பாலிசியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதனால் காரின் முழு விலையையும் இழக்கத் தயாரா என்ற கேள்வியும் எழுந்தது. 46 பங்கு என்றால் தயார், 72 என்றால் தயாரில்லை என்று அவர் சொன்னார். சக்தியையும் எடையையும் பற்றி அதுவரை நாங்கள் பேசிய எல்லாவற்றையும்விட அந்தப் பதில் தெளிவானது.

தடத்தில்

கார் நாள் முழுவதும் ஓடியது. பிரேக் பெடல் இறுதிச் சுற்றுவரை உறுதியாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டார். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்வியபடி நிற்க விடக் கூடாது. டயர் 10 டிகிரி சூடானால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் கூடும் என்பதால், சூடான நிலையில் அளந்து காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தார். வீடு திரும்புமுன் டயர் குளிர்ந்ததும் மறுபடி நிரப்பினார்.

குறைகளும் வெளிப்பட்டன. கடிகாரச் சுற்றில் ஓடும் தடமாதலால் வலப்பக்க வளைவுகள் அதிகம். முன்பக்க இடது டயரின் வெளித்தோள் மற்ற மூன்றையும்விட வெகுவாகத் தேய்ந்தது. முன்சக்கரமே இழுத்து, முன்சக்கரமே திருப்பி, பெரும்பாலும் அதுவே நிறுத்தவும் செய்யும் காரில் இது எதிர்பார்த்ததே, எம்.எக்ஸ்.-5 போலக் கேம்பரைத் தாராளமாக மாற்ற, மேல் கைக்குப் பதிலாக ஷாக் அப்சார்பர் தூணே சக்கரத்தைத் தாங்கும் இதன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு இடம்தருவதில்லை. பின்னர் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் மாட்டி ஒரு டிகிரி அளவுக்குக் கோணம் கூட்டப்பட்டது; தேய்மானம் குறைந்தது, நிற்கவில்லை. இரண்டாவது குறை, இறுக்கமான வளைவிலிருந்து வெளியேறும்போது சுமை இழந்த உள்சக்கரம் வீணாகச் சுழல்வது. இதற்கு, அந்தச் சுழற்சியைக் கட்டுப்படுத்தி மறுசக்கரத்துக்கும் சக்தியைச் செலுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் தீர்வு. அதன் செலவு காரின் விலையில் கணிசமான பகுதி, கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும்.

மூன்றாவது, பணத்தால் தீராதது. ஆக்ஸிலரேட்டரால் காரின் பின்பகுதியை எப்படி ஆள்வது என்பதைப் பின்சக்கர இயக்கக் கார் கற்பிக்கும் அளவுக்கு இது கற்பிக்காது. பிரேக் எங்கே மிதிப்பது, பார்வையை எங்கே வைப்பது, ஸ்டீயரிங்கை எவ்வளவு குறைவாகத் திருப்புவது என்பனவற்றைக் கற்கும்வரை அது குறையாகத் தெரியாது. அதன் பிறகு தெரியும். அப்போது நண்பர் வேறு கார் தேடுவார் என்றே எதிர்பார்க்கிறேன்.

இப்போதைக்கு 100 பங்கில் 17 பங்கு கையில் உள்ளது. அதை டிஃபரென்ஷியலுக்குச் சேர்த்துவைக்கலாமா என்று அவர் கேட்டார். அடுத்த ட்ராக் டே நாளுக்கு ஒரு பயிற்றுநரை அருகில் அமர்த்திக்கொள்ளவும், ஒரு ஜோடி முன் டயர் வாங்கவும், பிரேக் ஆயிலை மறுபடி மாற்றவும் அது சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பயிற்றுநருக்கு முன்பதிவு செய்திருக்கிறார்.